கடல் நாளின் கணக்கு: சொகுசுக் கப்பல் சுற்றுலா பற்றி ஓர் ஆய்வு

சொகுசுக் கப்பல் சுற்றுலாவுக்கான விளம்பரங்களில் ஊர்ப் பெயர்கள்தான் முன்னால் நிற்கும். மத்தியதரைக் கடல் என்றால் பார்சிலோனா, மார்செய், ஜெனோவா, ரோம், நேப்பிள்ஸ். சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் குறும்பயணம் என்றால் பினாங்கு, புக்கெட். வாங்குபவரும் அதே கணக்கைத்தான் போடுகிறார்: தலைக்கு இவ்வளவு பணம், அதற்கு இத்தனை ஊர். 2019இல் உலகம் முழுவதும் ஏறக்குறைய 3 கோடிப் பேர் இப்படிக் கப்பலேறினார்கள். கொரோனாவால் இரண்டு ஆண்டுகள் அடியோடு படுத்த தொழில் 2023இல் அந்த எண்ணிக்கையைத் தாண்டிவிட்டது. இத்தனை பேர் போய்வரும் ஒன்றைப் பற்றி அடிப்படையான கேள்வி ஒன்று சரியாகக் கேட்கப்படுவதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. இந்தப் பயணத்தில் நாம் விலைகொடுத்து வாங்குவது எதை? ஊர்களை என்று நினைத்துத் திட்டமிடுபவர் பெரும்பாலும் அலுப்போடு திரும்புகிறார். கப்பலையும் கடலில் கழியும் நாட்களையும்தான் வாங்குகிறோம் என்று தெரிந்து திட்டமிடுபவருக்கு அதே பணத்தில் நல்ல ஓய்வு கிடைக்கிறது. இத்தொழிலின் வரலாறு, அதன் வருமானம், துறைமுகத்தில் கிடைக்கும் நேரம் ஆகிய மூன்றுமே இதற்குச் சாட்சி.

முதலில் வரலாறு. 1891 ஜனவரியில் ஜெர்மனியின் குக்ஸ்ஹாவனிலிருந்து 'அகஸ்டா விக்டோரியா' என்ற கப்பல் 241 பயணிகளோடு மத்தியதரைக் கடலுக்குப் புறப்பட்டது. இன்றைய சொகுசுக் கப்பல் சுற்றுலாவின் தொடக்கமாக அதைத்தான் பலரும் குறிப்பிடுகிறார்கள். ஏற்பாடு செய்தவர் ஹாம்பர்க்–அமெரிக்கா நிறுவனத்தை நடத்திய ஆல்பெர்ட் பல்லின். அட்லாண்டிக்கைக் கடந்து நியூயார்க் போவதற்காகக் கட்டிய கப்பல் அது. குளிர்காலத்தில் வட அட்லாண்டிக் கொந்தளிக்கும், ஆள் வராது, கப்பல் சும்மா கிடக்கும், செலவு மட்டும் ஓடும். அந்த வெற்று மாதங்களை நிரப்பத்தான் வெயிலடிக்கும் தெற்குக் கடலுக்கு ஓர் உல்லாசப் பயணம் என்று பல்லின் யோசித்தார். அதாவது கப்பல் முதலில் வந்தது, போகும் இடங்கள் பிறகுதான் சேர்ந்தன. 1958இல் ஜெட் விமானங்கள் அட்லாண்டிக்கைத் தாண்டத் தொடங்கியதும் இதே நிலை பெரிய அளவில் திரும்பியது. போக்குவரத்துக்கென்று கட்டப்பட்ட பிரம்மாண்டமான கப்பல்களுக்கு வேலையில்லாமல் போனது. 1962இல் சேவைக்கு வந்த 'பிரான்ஸ்' என்ற பெருங்கப்பலே பிறகு கைமாறி, 'நார்வே' என்று பெயர்மாறி, கரீபியனில் உல்லாசப் பயணிகளைச் சுமந்தது.

தமிழர்களுக்கும் கப்பல் பயணத்தோடு நெடுங்காலப் பழக்கம் உண்டு, ஆனால் அது வேறு வகை. 1926இல் ஓடத் தொடங்கிய 'ரஜுலா' சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1973 வரை ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. அடித்தட்டில் பாய்விரித்துப் படுத்துப் போனவர்களுக்குப் போய்ச்சேரும் ஊரில் வேலை காத்திருந்தது, அல்லது குடும்பம் காத்திருந்தது. கடலில் கழிந்த நாட்கள் அவர்களுக்குச் சகித்துக் கடக்க வேண்டிய நாட்கள். கப்பலென்றால் ஓர் ஊருக்குப் போகும் வழி என்ற எண்ணம் நம்மிடம் இன்னமும் ஊறிக்கிடக்க இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். இன்றைய உல்லாசக் கப்பல் ஏறிய இடத்திலேயே நம்மைத் திரும்ப இறக்கிவிடுகிறது. ரஜுலா காலத்து மனக்கணக்கு அதற்குப் பொருந்தாது.

நிறுவனங்களின் வருமானத்தைப் பார்த்தால், நாம் வாங்குவது கப்பலைத்தான் என்பது இன்னும் தெளிவாகும். பெரிய நிறுவனங்களின் வரவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பயணச்சீட்டிலிருந்து வருவதில்லை. கப்பலுக்குள் விற்கும் மது, சூதாட்டக் கூடம், தனிக்கட்டண உணவகங்கள், இணைய இணைப்பு, மசாஜ், கரையில் ஏற்பாடு செய்து தரும் சுற்றுலாக்கள் ஆகியவற்றிலிருந்து வருகிறது. பயணி கப்பலுக்குள் இருக்கும் ஒவ்வொரு மணிநேரமும் அவர்களுக்கு விற்பனை நேரம். அதனால்தான் கப்பல்கள் பெருத்துக்கொண்டே போகின்றன. 2024 ஜனவரியில் மயாமியிலிருந்து முதல் பயணம் கிளம்பிய 'ஐகான் ஆஃப் தி சீஸ்' 2,48,663 டன் கொள்ளளவுள்ளது. 7,600 பயணிகள் வரை ஏறலாம். பணியாளர்கள் மட்டும் 2,350 பேர். நீர்ச்சறுக்கு, பனிச்சறுக்கு அரங்கு, மரங்கள் வளர்ந்த பூங்கா எல்லாம் உள்ளேயே. நிறுவனங்கள் பஹாமாஸில் சொந்தத் தீவுகளை வைத்துக்கொண்டு, அங்கே கரையிறங்குவதையும் கப்பலுக்குள் நடக்கும் வியாபாரத்தின் நீட்சியாகவே ஆக்கிவிட்டன. துறைமுகங்கள் விளம்பரத்தில் இருந்தாலும் பணம் கப்பலில்தான் புரள்கிறது. இதில் மோசடி ஒன்றும் இல்லை. ஆனால் விற்பவருக்குத் தெளிவாகத் தெரிந்திருப்பது வாங்குபவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கட்டணத்தை மட்டும் வைத்து வரவுசெலவு போடுவது தப்பு. பணிக்கொடை என்று தலைக்கு, நாளொன்றுக்கு 16 முதல் 20 டாலர் பெரிய கப்பல்களில் தானாகவே கணக்கில் ஏறும். தனியாகப் போகிறவர் பெரும்பாலும் இரண்டு பேருக்கான அறைக் கட்டணத்தைக் கட்ட நேரும். இவற்றையெல்லாம் கூட்டிய பிறகே மலிவா, விலை அதிகமா என்று பேச முடியும்.

மூன்றாவது சான்று கரையில் கிடைக்கும் நேரம். கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். கால அட்டவணையில் 'ரோம்' என்று இருக்கும். கப்பல் நிற்பது சிவிட்டவெக்கியா துறைமுகத்தில். ரோம் அங்கிருந்து 70 கிலோமீட்டருக்கு மேல். காலை 7 மணிக்குக் கப்பல் வந்து மாலை 7 மணிக்குக் கிளம்புகிறது என்று கொள்வோம். அதிகாரிகள் அனுமதி தந்து, படிக்கட்டு இறக்கி, ஆயிரக்கணக்கானவர்கள் வரிசையில் வெளியேற முக்கால் மணி நேரம். பேருந்திலோ ரயிலிலோ போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. புறப்படுவதற்கு அரைமணி, ஒரு மணி முன்பே எல்லாரும் ஏறியிருக்க வேண்டும்; போக்குவரத்து நெரிசலை நினைத்து இன்னும் ஒரு மணியைக் கையில் வைத்துக்கொள்வது அறிவுடைமை. மிஞ்சுவது ஆறேழு மணி நேரம். அதில் வாட்டிகனும் பார்க்க வேண்டும், கொலோசியமும் பார்க்க வேண்டும், சாப்பிடவும் வேண்டும். பாங்காக் என்று போட்டால் கப்பல் நிற்பது லேம் சபாங்கில், நகரத்திலிருந்து 120 கிலோமீட்டர் தள்ளி. பாரிஸ் என்று போட்டால் லே ஹாவ்ர், ஏறக்குறைய 200 கிலோமீட்டர். ஆழம் குறைந்த இடங்களில் கப்பல் கரைக்கே வராது. நடுக்கடலில் நங்கூரமிட்டுச் சிறு படகுகளில் ஆளை இறக்குவார்கள், அலை பெரிதாக இருந்தால் அதுவும் இல்லை. தவிர, எந்தத் துறைமுகத்தையும் விட்டுவிட்டுப் போகக் கப்பலுக்கு ஒப்பந்தப்படியே உரிமை உண்டு. 2022 ஜூனில் சென்னையிலிருந்து கிளம்பிய உல்லாசக் கப்பலின் நிரலில் புதுச்சேரி இருந்தது. அந்த அரசு அனுமதி தரவில்லை, கப்பல் அங்கே நிற்கவில்லை. ஊருக்காக மட்டும் ஏறியவருக்கு இதெல்லாம் பெரிய இழப்பு. கடலுக்காக ஏறியவருக்குச் சின்ன ஏமாற்றம்.

எல்லாத் துறைமுகமும் இப்படி என்று சொல்லவில்லை. பினாங்கில் ஸ்வெட்டன்ஹாம் துறையில் இறங்கினால் ஜார்ஜ் டவுன் கண்ணெதிரே இருக்கிறது. 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த அந்தப் பழைய நகரத்தின் தெருக்களையும், குயின் தெருவின் மகாமாரியம்மன் கோயிலையும், சுற்றியுள்ள லிட்டில் இந்தியா கடைகளையும் நடந்தே பார்த்துவிட்டு மதியத்துக்குள் திரும்பலாம். ஆகவே நிரலில் ஊரின் பெயரைப் பார்க்காமல் கப்பல் நிற்கும் துறையின் பெயரைப் பார்த்து, அங்கிருந்து ஊருக்கு எவ்வளவு தூரம் என்று வரைபடத்தில் அளக்க வேண்டும். ஐந்து நிமிட வேலைதான். பயணத் திட்டத்தில் இதைவிடப் பலன்தரும் ஐந்து நிமிடம் வேறில்லை.

கப்பல் பயணத்தின் உச்சம் என்று பலர் சொல்லும் இடம் ஒன்றில் கப்பல் கரையைத் தொடுவதே இல்லை. அலாஸ்காவின் கிளேசியர் பே தேசியப் பூங்காவுக்குள் ஒரு நாளில் இரண்டு பெரிய உல்லாசக் கப்பல்களுக்கு மேல் விடுவதில்லை. யாரும் இறங்குவதில்லை. பூங்காக் காவலர்கள் படகில் வந்து கப்பலேறி, நாள் முழுக்கப் பயணிகளோடு இருந்து விளக்குகிறார்கள். மார்ஜரி பனியாற்றின் முன்னால் கப்பல் கிட்டத்தட்ட நின்றுவிடும். ஒருபுறம் இருப்பவர்கள் பார்த்து முடித்ததும் மெல்லத் திரும்பி மறுபுறத்துக்கு அந்த நீல வெள்ளைச் சுவரைக் காட்டும். பனிக்கட்டி விரிசல்விட்டு உடையும் சத்தம் முதலில் வருகிறதா, விழுவது முதலில் தெரிகிறதா என்று காத்திருந்து பார்க்கிறார்கள். நார்வேயின் கெய்ராங்கர் போன்ற மலையிடுக்குக் கடற்கழிகளும் இப்படித்தான். மேல்தளத்தில் நின்றபடியே பார்க்க வேண்டியதைப் பார்த்துவிடலாம். கப்பலால் மட்டும் தரக்கூடிய காட்சி இது. விமானமும் பேருந்தும் தர முடியாது. நீண்ட கப்பல் பயணம் ஒன்றுக்குப் பணம் சேர்க்க முடிந்தவர் ஐந்து ஊர்களைத் தொட்டு ஓடும் மத்தியதரைக் கடல் வாரத்தைவிட இத்தகைய பாதையைத் தேர்வதே நல்லது என்பது என் துணிபு. ரோமைப் பார்க்க ஆசைப்படுகிறவர் ரோமுக்கே போய் நான்கு நாள் தங்கட்டும்.

கடல் நாட்களை வாங்குகிறோம் என்று ஏற்றுக்கொண்டால் திட்டமிடலின் வரிசை மாறிவிடும். முதலில் பார்க்க வேண்டியது பருவம். கரீபியனில் புயல் பருவம் ஜூன் முதல் நவம்பர் வரை. கட்டணம் குறைவதன் காரணமும் அதுவே. இந்தியாவின் மேற்குக் கரையில் தென்மேற்குப் பருவமழை நாட்களில் கடல் சீறும். அதனால் மும்பை, கோவா, லட்சத்தீவுப் பக்கம் ஓடும் 'எம்ப்ரஸ்' கப்பல் 2022இலும் 2023இலும் ஜூன் மாதத்தில் சென்னைக்கு வந்தது. 2023இல் அது சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கையைச் சுற்றியது. காங்கேசன்துறையில் இறங்கியவர்களுக்குக் கீரிமலை நீரூற்றுகள் பக்கத்தில்தான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடலில் வடகிழக்குப் பருவமும் புயலும்; அப்போது கிழக்குக் கரையில் கடல் நாளை ரசிக்க நினைப்பது வீண். 1990இல் கட்டப்பட்ட எம்ப்ரஸின் கொள்ளளவு ஐகானின் ஐந்தில் ஒரு பங்குதான். கப்பல் சிறிதானால் ஆட்டம் கூடுதலாகத் தெரியும். எனவே பருவம் பார்ப்பது இன்னும் அவசியம்.

அடுத்தது அறை. ஜன்னலே இல்லாத உள் அறைதான் மலிவு. பால்கனி அறைக்குக் கணிசமாகக் கூடும். பகல் முழுதும் ஊர்சுற்றுவதாக இருந்தால் உள் அறை போதும் என்பது வழக்கமான யோசனை, அது சரியும்கூட. ஆனால் கடல் நாட்கள் அதிகமுள்ள பாதையில், குறிப்பாக அலாஸ்கா, நார்வே போன்ற இடங்களில், பால்கனிக்குக் கொடுக்கும் பணம் வீணாகாது. குமட்டலுக்கு அஞ்சுகிறவர் உயரமான தளத்தையும் முன்முனையையும் தவிர்த்து, கீழ்த்தளங்களில் கப்பலின் நடுப்பகுதியில் அறை கேட்க வேண்டும். சீசாப் பலகையின் நடுவில் உட்கார்ந்தவருக்கு ஆட்டம் குறைவாகத் தெரிவது போலத்தான். மேல்தளத்து நீச்சல்குளத்துக்கோ நடனக் கூடத்துக்கோ நேர் கீழே உள்ள அறைகளையும் தளவரைபடத்தைப் பார்த்து விலக்கிவிடலாம். இரவு 12 மணிக்கு நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டுப் படுத்திருப்பதற்கா பணம் கட்டுகிறோம்?

பயண ஆவணங்களில் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். சிங்கப்பூரில் ஏறிச் சிங்கப்பூரிலேயே இறங்கினாலும் நடுவில் நாட்டைவிட்டு வெளியேறித் திரும்புவதால், பலமுறை நுழைய அனுமதிக்கும் விசா வேண்டும். சியாட்டிலிலிருந்து அலாஸ்கா போகிற கப்பல் ஏன் கனடாவின் விக்டோரியாவில் ஒரு மாலை நிற்கிறது என்று பலருக்கும் புரிவதில்லை. 1886ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் ஒன்று வெளிநாட்டுக் கொடியுள்ள கப்பல்கள் தன் துறைமுகங்களுக்கிடையே மட்டும் பயணிகளை ஏற்றி இறக்கத் தடை போடுகிறது. உல்லாசக் கப்பல்களோ பஹாமாஸ், பனாமா போன்ற நாடுகளின் கொடியில் ஓடுகின்றன. எனவே இடையில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகம் கட்டாயம். அந்த ஒரு மாலைக்காக நம்மவர் கனடா விசாவும் எடுக்க வேண்டியிருக்கும். கப்பலேறும் நாளன்றே விமானத்தில் போய்ச்சேரத் திட்டமிடாமல் முந்தின நாளே துறைமுக நகரத்தை அடைவதும், நடுக்கடலிலிருந்து மருத்துவமனைக்குத் தூக்கிச்செல்லும் செலவை ஏற்கும் காப்பீடு எடுப்பதும் விட்டுவிடக்கூடாத இரண்டு. கரையில் தனியாகச் சுற்றப் போகிறவருக்காகக் கப்பல் காத்திருக்காது. 2024 மார்ச்சில் மேற்கு ஆப்பிரிக்கத் தீவான சாவோ டோமேயில் நேரம் தவறிய எட்டுப் பயணிகளை விட்டுவிட்டு ஒரு கப்பல் கிளம்பிவிட்டது. அதைத் துரத்திப் பிடிக்க அவர்கள் பல நாடுகளைத் தாண்ட வேண்டியிருந்தது.

இந்த வாதத்துக்கு உடனே எழும் மறுப்பு: கப்பலிலேயே இருப்பதுதான் பயணம் என்றால் ஒரு கடற்கரை விடுதியில் தங்கினால் போதாதா? போதாது என்றுதான் நினைக்கிறேன். விடுதி நகர்வதில்லை. துறைமுகத்தைப் பின்னால் விட்டுக் கப்பல் மெல்லக் கழன்று வெளியேறும் அந்த மாலை நேரம், கைபேசியில் சமிக்ஞை அறுந்துபோகும் பொழுது, எந்தப் பக்கம் திரும்பினாலும் கரையில்லாத வட்டம், இருட்டில் மேல்தளத்தின் விளக்கில்லாத மூலையில் நின்றால் தெரியும் விண்மீன்கள் ஆகியவை நிலத்தில் கிடைக்காதவை. கப்பலுக்குள் இருக்கும் நிகழ்ச்சி நிரலைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் ஓடுகிறவருக்கு இவை கிடைக்காமல் போவது உண்மை. நாளொன்றுக்கு ஒன்றோ இரண்டோ நிகழ்ச்சிகளைத் தேர்ந்துகொண்டு மற்ற நேரத்தைச் சும்மா விட்டுவிடத் தெரிய வேண்டும். கரையில் எல்லாரும் இறங்கிப்போன நாளில் கப்பலிலேயே தங்குவதும் நல்ல உத்தி. நீச்சல்குளமும் நூலகமும் அன்றுதான் வெறிச்சோடிக் கிடக்கும்.

இன்னொரு மறுப்பு வலுவானது. முதியவர்களுக்கும் சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கும் பெட்டியைப் பிரித்துக் கட்டாமல் நாலு ஊர் பார்க்க இதைவிட வசதியான வழி ஏது? பாட்டி முதல் பேத்தி வரை மூன்று தலைமுறை ஒன்றாகப் போக முடிவதும் இதில்தானே? ஒப்புக்கொள்கிறேன். ஆனால் யோசித்துப் பார்த்தால் இதுவும் என் பக்கத்துக்கே சாட்சி சொல்கிறது. அவர்களுக்கு வசதி தருவது கப்பல்தான். 12 மணி நேரத்தில் ரோமுக்கு ஓடித் திரும்பும் பேருந்துப் பயணம் மூட்டுவலியுள்ளவருக்குத் தண்டனை. பெரியவர்களோடு போகிறவர்கள் துறைமுகம் குறைவாகவும் கடல் நாள் ஒன்றிரண்டு கூடுதலாகவும் உள்ள பாதையை எடுப்பதே அவர்களுக்குச் செய்யும் மரியாதை. சாப்பாடு பற்றிய கவலைக்கு விடை எளிது. சிங்கப்பூரிலிருந்தும் இந்தியத் துறைமுகங்களிலிருந்தும் கிளம்பும் கப்பல்களில் இந்தியச் சைவ உணவு வழக்கமாகிவிட்டது. மற்ற இடங்களில் பதிவு செய்யும்போதே எழுதிச் சொல்லிவிட வேண்டும்.

நோயும் பாதுகாப்பும் பற்றிய அச்சத்தைத் தள்ளிவிட முடியாது. 2020 பிப்ரவரியில் யோகோஹாமாவில் தனிமைப்படுத்தப்பட்ட 'டைமண்ட் பிரின்சஸ்' கப்பலில் இருந்த 3,711 பேரில் 712 பேருக்குக் கொரோனா தொற்றியது. மூடிய இடத்தில் பலர் சேர்ந்து வாழ்ந்தால் வயிற்றுப்போக்கைத் தரும் நோரோ வைரஸும் வேகமாகப் பரவும். அதற்குக் கைதேய்க்கும் திரவம் அவ்வளவாகப் பலிப்பதில்லை, சோப்பும் தண்ணீரும் வேண்டும். அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்களை அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் 100க்கு மதிப்பெண் போட்டு ஆய்வுசெய்கிறது. 85ம் அதற்குக் கீழும் தேர்ச்சியில்லை. முடிவுகள் பொதுவில் கிடைக்கின்றன, பதிவுக்கு முன் பார்க்கலாம். 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியின் ஜிக்லியோ தீவருகே பாறையில் மோதிச் சாய்ந்த 'கோஸ்டா கான்கார்டியா'வில் 32 பேர் இறந்தார்கள். அன்றுதான் ஏறியவர்களுக்கு அவசரகாலப் பயிற்சி இன்னும் நடந்திருக்கவில்லை. அதன் பிறகே கப்பல் புறப்படும் முன்போ, புறப்பட்ட உடனேயோ பயிற்சி நடந்தாக வேண்டும் என்று சர்வதேச விதி கடுமையானது. அந்தப் பயிற்சியைச் சடங்காக நினைத்துத் தப்பிக்கப் பார்ப்பது முட்டாள்தனம். உங்கள் அறையிலிருந்து கூடுமிடம் எந்தப் படிக்கட்டு வழி என்று ஒருமுறை நடந்து பாருங்கள்.

சுற்றுச்சூழல் பற்றிய எதிர்ப்புக்கு என் வாதத்தால் பாதிதான் பதில் சொல்ல முடியும். ஊர்கள் மூச்சுத்திணறுவது கண்கூடு. 2021 ஆகஸ்டிலிருந்து வெனிஸ் தன் பழைய நகரின் முகப்புக் கால்வாயில் 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களை விடுவதில்லை. ஏறக்குறைய 32,000 பேர் வாழும் அலாஸ்காவின் ஜூனோவுக்கு ஒரு பருவத்தில் 16 லட்சத்துக்கும் மேற்பட்ட கப்பல் பயணிகள் வந்தபின், 2024 முதல் நாளொன்றுக்கு ஐந்து பெரிய கப்பல் என்று வரம்பு வந்தது. துறைமுகம் குறைந்த பாதைகளை மக்கள் கேட்டால் இந்த நெருக்கடி தணியும். எரிபொருள் விஷயத்தில் அப்படி இல்லை. 2020 முதல் கப்பல் எண்ணெயில் கந்தகம் 0.5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்ற விதி காற்றைக் கொஞ்சம் காத்தது. ஆனால் பல கப்பல்கள் புகையைக் கழுவிய நீரைக் கடலிலேயே விடுகின்றன. இயற்கை எரிவாயுவில் ஓடும் புதிய கப்பல்களிலும் எரியாத மீத்தேன் கசிகிறது. கடல் நாட்களை விரும்புகிறவர் கடலைப் பற்றியே கவலைப்படாமல் இருக்க முடியாது. அடிக்கடி போகாமல் எப்போதாவது போவது, கரை மின்சாரத்தில் இணையும் கப்பலையும் துறைமுகத்தையும் தேர்வது, தொலைவான கண்டத்துக்குப் பறந்து ஏறுவதைவிட அருகிலுள்ள துறைமுகத்தில் ஏறுவது ஆகியவை இன்றைக்குப் பயணியின் கையில் உள்ளவை.

உழைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். கப்பலை வாங்குகிறோம் என்றால் அதில் வேலை செய்கிறவர்களின் நேரத்தையும் வாங்குகிறோம். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்களே அறைகளைத் துடைப்பதும் தட்டுகளை எடுப்பதும். பல மாதங்களுக்கு ஒரே ஒப்பந்தம், வாரவிடுமுறை என்று ஒன்று இல்லை. 2013இல் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி, ஏழு நாளில் 77 மணி ஓய்வு தர வேண்டும் என்கிறது. மீதி நேரம் எவ்வளவு என்று நாமே கழித்துப் பார்க்கலாம். தினசரிப் பணிக்கொடையைக் கணக்கிலிருந்து நீக்கச் சொல்லி வரவேற்பு மேசைக்குப் போகும் வழக்கம் இப்போது பரவுகிறது. கட்டணத்திலேயே கூலியைச் சேர்க்காத நிறுவனத்தின் மீது கோபம் வருவது நியாயம்தான், அதை நிறுவனத்துக்கு எழுதலாம். ஆனால் அந்தப் பணத்தை நீக்கினால் குறைவது காலையும் மாலையும் நம் படுக்கையை விரிக்கிறவரின் சம்பளம். பயணச் செலவைத் திட்டமிடும் முதல் நாளிலேயே அந்தத் தொகையைக் கட்டணத்தோடு சேர்த்து எழுதிக்கொள்வதே முறை. அதைச் சேர்த்தால் கட்டுப்படியாகவில்லை என்றால் ஓர் இரவு குறைவான பயணத்தை எடுத்துக்கொள்ளலாம்.